பட்டாசு ஆலை விபத்துகளில் தீயணைப்புப் படையின் காத்திருப்பு

பட்டாசு ஆலை விபத்துகளில் தீயணைப்புப் படையின் காத்திருப்பு என்பது, வெடிபொருள் எரிந்து தீராத இடத்திற்குள் உடனே நுழையாமல், வீரர்கள் பாதுகாப்பான தொலைவில் ஆயத்தமாக நிற்கும் நடைமுறை ஆகும். காவல்துறை கூட்டத்தை அகற்றி, வெடிப்பு ஓயும் வரை இந்நிலை நீடிக்கும். தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஆகிய பகுதிகளில் இது அடிக்கடி நேர்கிறது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது தயக்கமாகத் தோன்றக்கூடும். எனினும் தீயணைப்புப் பணியின் ஒரு பகுதியே இது.

ஆயுதம் தாங்கியவர் இருக்கக்கூடிய இடங்களில், காவல்துறை வந்து சேரும்வரை தீயணைப்பு வண்டிகள் தொலைவில் நிற்பது பல நாடுகளில் வழக்கம். 2012 டிசம்பர் 24 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒருவர் வீட்டுக்குத் தீ வைத்து, அணைக்க வந்தோரைச் சுட்டதில் 2 தீயணைப்பு வீரர்கள் இறந்தனர். சிவகாசிப் பகுதியில் மீட்க வருபவரைத் தாக்குவது மனிதர் அல்லர். இன்னும் வெடிக்காத அறையே.

இரண்டாம் வெடிப்பு

பட்டாசு ஆலை ஒரே கட்டடமாக இருப்பதில்லை. மருந்து கலத்தல், மருந்து செலுத்துதல், திரி வைத்தல், உலர்த்துதல், பொதி கட்டுதல் ஆகியவை இடைவெளி விட்ட தனித்தனிச் சிறு அறைகளில் நடைபெற வேண்டும் என்பது வெடிபொருள் விதிகளின் அடிப்படை. ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குத் தாவக்கூடாது என்பதே இதன் நோக்கம். அளவுக்கு மீறி ஆட்களும் மருந்தும் அறைகளில் இருந்தாலோ, மரத்தடியில் வேலை நடந்தாலோ, இந்த இடைவெளி பயனற்றுப் போகிறது. முதல் வெடிப்பில் சிதறும் தீப்பொறி அடுத்த அறையையோ கிட்டங்கியையோ அடைய எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிக்க இயலாது.

தண்ணீரும் எல்லா இடத்திலும் உதவுவதில்லை. பேன்சி ரகங்களில் சேரும் அலுமினியப் பொடி நீருடன் வினைபுரிந்து, எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வளிமத்தை வெளியிடும். வெடிபொருள் தனக்குத் தேவையான ஆக்சிசனைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால், காற்றைத் தடுத்து அதை அணைக்கவும் முடியாது. எனவே எரியும் மருந்தை விட்டுவிட்டு, எரியாத அறைகளைக் காப்பதே பெரும்பாலும் செய்யக்கூடியது. வெடிபொருள் ஏற்றிய வண்டியின் சரக்கில் தீ பற்றிவிட்டால் அதனை அணைக்க முயலாமல், சுற்றிலும் 1,600 மீட்டர் வரை ஆட்களை அகற்ற வேண்டும் என்பது வட அமெரிக்க அவசரகாலக் கையேட்டின் அறிவுரை.

முதலிப்பட்டி, 2012

2012 செப்டம்பர் 5 அன்று நண்பகலில் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்தது. புகையைக் கண்ட அக்கம்பக்கத்தவர், சிலர் உதவ எண்ணியும் சிலர் வேடிக்கை பார்க்கவும், ஆலையை நோக்கி ஓடினர். அதன் பின்னர் சேமிப்பு அறை பெரும் ஓசையுடன் வெடித்தது. இறந்தோர் சுமார் 40 பேர். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். பட்டாசுகள் தொடர்ந்து வெடித்ததால் தீயணைப்பு வண்டிகள் நெடுநேரம் நெருங்க இயலவில்லை.

உதவ ஓடியவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் உள்ளே இருப்பவர் மனைவியாகவோ மகளாகவோ இருக்கும்போது, நில் என்று சொல்பவரின் சொல் எளிதில் எடுபடாது. ஆகவேதான் கயிறு கட்டிச் சாலையை மறிப்பதும், கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளுவதும், ஆம்புலன்சு வரும் வழியைத் திறந்து வைப்பதும் காவல்துறையின் முதல் வேலையாகின்றன. அவர்கள் வரும்வரை, குழாயைப் பிடிக்க வேண்டிய தீயணைப்பு வீரர்களே கூட்டத்தையும் தடுக்க வேண்டியிருக்கிறது.

காத்திருப்பின் எல்லை

2016 அக்டோபர் 20 அன்று சிவகாசி நகரில் பட்டாசுக் கிட்டங்கியில் தீப்பற்றியபோது நிலைமை வேறு. கிட்டங்கியை ஒட்டியிருந்த மருத்துவ ஊடுகதிர் மையத்தில் புகை சூழ்ந்து, அங்கிருந்தோர் மூச்சுத் திணறி இறந்தனர். தீ ஒரு கட்டடத்திலும் சாவு அடுத்த கட்டடத்திலும் நிகழ்ந்த இத்தகைய இடத்தில், வெடிப்பு ஓயட்டும் என்று நிற்பதற்கு அவகாசமில்லை. பக்கத்துக் கட்டடத்தைக் காலி செய்வதே முதலில் வருகிறது.

தகவல்

எங்கே நிற்பது, எப்போது நுழைவது என்பதைத் தீர்மானிப்பது தகவல். எந்த அறையில் எவ்வளவு மருந்து உள்ளது, எத்தனை பேர் உள்ளே இருந்தனர் என்பதை ஆலையின் போர்மேன் சொல்ல வேண்டும். நெதர்லாந்தின் என்சுகெடே நகரில் 2000 மே 13 அன்று வாணவெடிக் கிடங்கில் நிகழ்ந்த வெடிப்பில் இறந்த 23 பேரில் 4 பேர் தீயணைப்பு வீரர்கள். அங்கு உரிமத்தில் குறிப்பிட்டதைவிட ஆபத்தான சரக்கு இருந்தது பின்னரே வெளிப்பட்டது. 2020 ஆகத்து 4 அன்று பெய்ரூத் துறைமுகத்தில் தீயை அணைக்கச் சென்ற 10 பேர் கொண்ட குழு முழுவதும் வெடிப்பில் மாண்டது.

விருதுநகர் மாவட்டத்தில் இச்சிக்கலுக்கு உள்குத்தகை என்று பெயர். ஒருவர் பெயரில் உரிமம் இருக்க, அறைகள் பலருக்குப் பிரித்து விடப்படும். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் சுமார் 20 பேர் இறந்த விபத்திலும் ஆலை இவ்வாறு குத்தகைக்கு விடப்பட்டிருந்ததாகத் தெரியவந்தது. இத்தகைய ஆலையில் முழுக் கணக்கும் ஒருவரிடம் இருப்பதில்லை. வாயிலில் நிற்கும் நிலைய அலுவலர், ஓடி வந்த தொழிலாளர்களை ஒவ்வொருவராக விசாரித்தே உள்ளே இருப்போரின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டியிருக்கிறது.