குழந்தைகளுக்கு இடங்கொடுத்த நகரம்

இடங்கொடுத்தல் என்னும் சொல்லுக்குத் தமிழ் வழக்கில் இரு பொருள் உண்டு. அளவுக்கு மிஞ்சிச் செல்லங் கொடுத்தல் ஒன்று; இருக்கவும் உலாவவும் நிலம் ஒதுக்கித் தருதல் மற்றொன்று. பிள்ளைகளுக்கு இடங்கொடுத்துக் கெடுத்துவிட வேண்டாம் என வீட்டு முதியோர் எச்சரிப்பது முதற்பொருள் பற்றியதாகும். இரண்டாம் பொருளை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அரசனுக்கு அரண்மனையும், வணிகனுக்குக் கடைவீதியும், படைக்குக் கோட்டையும், இறைவனுக்கு ஆலயமும் ஒதுக்கிய நகரங்கள் உலகிற் பல. குழந்தைக்கும் ஒரு நிலம் வேண்டும் என்னும் எண்ணமோ நகரங்களின் வரலாற்றில் மிகப் பிந்தியே தோன்றியது. அது தோன்றி வளர்ந்த வகையை ஒரே ஊரில் கண்டறிய விரும்புவோர்க்கு டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகன் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

பிள்ளைகளுடன் ஐரோப்பாவைக் காணச் செல்லும் குடும்பங்கள் விரும்பித் தங்கும் நகரங்களுள் கொப்பன்ஹேகனும் ஒன்று. அங்கு அவர்கள் ஏறும் கோபுரத்துக்கும், நுழையும் பூங்காவுக்கும், விளையாடும் திடலுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. அம்மூன்றையும் தொடர்ந்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். குழந்தைகளின் விளையாட்டு நிலம் செல்வம் மிகுந்த காலத்தில் எஞ்சிய பொருளால் மட்டும் அமைந்ததன்று. நெருக்கடி மிகுந்த காலத்தும் அது துணிந்து அமைக்கப்பட்டது.

முதலாவது, வட்டக் கோபுரம். இதனைக் கட்டுவித்தவன் நான்காம் கிறிஸ்தியன் என்னும் அரசன். இவன் பெயர் தமிழர் வரலாற்றுக்கும் புறம்பானதன்று. இவனது ஆட்சியிற் புறப்பட்ட டேனியக் கப்பல்களே 1620ஆம் ஆண்டில் திருகோணமலைக் கரையை அடைந்தன; அதே ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியிலே டேனியர் கோட்டை அமைத்ததும் இவனது ஆட்சியிலேதான். அவ்வரசன் 1637ஆம் ஆண்டில் தொடங்கி 1642ஆம் ஆண்டில் முடித்த கோபுரம் விண்மீன்களை ஆராய்வதற்கென எழுந்தது. அதன் உயரம் ஏறத்தாழ 35 மீற்றர். உச்சியை அண்மிய சிறு பகுதியைத் தவிர ஏனைய இடங்களில் படிக்கட்டுகள் இல்லை. செங்கல் பாவிய அகன்ற சரிவுப் பாதையொன்று கோபுரத்தின் உட்புறத்தை ஏழரை முறை சுற்றிக்கொண்டு மேலேறுகின்றது. 1716ஆம் ஆண்டில் இரஷ்யப் பேரரசன் மகா பீற்றர் இப்பாதையிற் குதிரையேறி உச்சிவரை சென்றான் என்பர்.

குழந்தைகளை மனத்திற் கொண்டு எழுந்த கட்டடமன்று இது. எனினும் உள்ளே கால் வைத்ததும் ஓடி ஏறத் தூண்டும் பாதை இதனைப் போல் பிறிதொன்றில்லை. விண்ணியல் அறிஞர்க்கென அமைந்த வழியை நகரத்துச் சிறுவர் தமதாக்கிக் கொண்டனர். பெரியோர் தம் தேவைக்குக் கட்டியவற்றிலிருந்து தமக்குரியதைத் தாமே கண்டெடுப்பது பழங்காலத்துக் குழந்தைகளின் வழக்கம். தமக்கெனத் தனியிடம் அளிக்கப்படாத காலத்தில் அவர்களுக்கு வேறு வழியும் இருந்ததில்லை.

அக்காலத்துக் கொப்பன்ஹேகன் மண் அரண்களாலும் அகழிகளாலும் சூழப்பெற்ற நகரம். 1807ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஆங்கிலேயர் நகரின்மீது குண்டுமாரி பொழிந்தபோது, அவ்வரண்கள் மக்களைக் காக்கும் ஆற்றலை இழந்துவிட்டமை தெளிவாயிற்று. ஆயினும் படைத்துறை அவற்றைக் கைவிடவில்லை. மக்கள் தொகை பெருகியது, வீடுகள் நெருங்கின, முற்றங்கள் சுருங்கின. நூறாயிரத்துக்கு மேற்பட்டோர் அரண்களுக்குள்ளே அடைபட்டு வாழ்ந்தனர். 1853ஆம் ஆண்டில் வாந்திபேதி பரவி ஆயிரக் கணக்கானோரைக் கொன்றதற்கு அந்நெருக்கமும் தூய்மையற்ற நீரும் காரணங்களாயின.

இந்நிலையில் அரண்களுக்கு வெளியே, மேற்கு வாயிலின் அருகே, மக்கள் உலாவுவதற்கு ஓர் இன்பப் பூங்கா அமைக்க முன்வந்தவர் ஜோர்ஜ் கார்ஸ்தென்சன் என்பவர். 1812ஆம் ஆண்டில் அல்ஜியர்ஸ் நகரிற் பிறந்து, பத்திரிகை வெளியீட்டில் ஈடுபட்டிருந்த இவர், மன்னன் எட்டாம் கிறிஸ்தியனிடம் விண்ணப்பித்தார். மக்கள் களிப்பில் ஈடுபட்டிருக்கும்போது அரசியலைப் பற்றி நினைக்கமாட்டார்கள் என்று அவர் மன்னனுக்கு எடுத்துரைத்ததாக ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், உரிமை கிடைத்தது. நிலம் படைத்துறைக்குரியது, ஆதலின் போர் வந்தால் விரைவில் அகற்றத்தக்க இலேசான கட்டடங்களே அங்கு எழவேண்டியிருந்தன. மரத்தாலும் துணியாலும் வண்ணத்தாலும் ஆன ஒரு மாய உலகம் அவ்வாறு உருவாயிற்று. 1843ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் நாள் திவோலி என்னும் அப்பூங்காவின் வாயில் திறக்கப்பட்டது. இன்று அதன் நடுவே விளக்கொளியைப் பிரதிபலிக்கும் ஏரி, பகைவரைத் தடுக்க வெட்டிய பழைய அகழியின் எச்சமேயாகும்.

தொடக்க ஆண்டிலேயே குதிரை இராட்டினமும் சறுக்குவண்டியும் இசைமண்டபமும் அங்கு இருந்தன. அடுத்த ஆண்டில், அரச காவற்படையைப் போல உடையணிந்து இசைக்கருவிகளுடன் அணிவகுத்துச் செல்லும் சிறுவர் படையொன்று அமைந்தது. விளையாட்டாகத் தொடங்கிய அது நாளடைவில் பல தலைமுறை இசைக்கலைஞரை உருவாக்கிய பயிற்சிக் கூடமாயிற்று. 2015ஆம் ஆண்டு முதல் சிறுமியரும் அதிற் சேர்ந்துள்ளனர். 1874ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் டாலெருப் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த ஊமை நாடக அரங்கு இன்றும் உண்டு. அதன் திரை, மயில் தோகையை மடக்குவதுபோலச் சுருங்கித் திறக்கும். அங்கு வசனமின்றி ஆடப்பெறும் இத்தாலிய மரபுக் கதைகளைக் கண்டு மகிழ எந்நாட்டுக் குழந்தைக்கும் மொழி தடையாவதில்லை. 1914ஆம் ஆண்டில் மரத்தாற் கட்டிய மலைத்தொடர் வண்டியில், ஒவ்வொரு தொடரிலும் ஒருவர் அமர்ந்து கையாலே தடையிட்டு வேகத்தை அடக்குவது வழக்கம்.

கார்ஸ்தென்சன் தாம் படைத்த பூங்காவை நெடுங்காலம் ஆளவில்லை. நிருவாகத்தாருடன் ஏற்பட்ட பிணக்கினால் விலகி, பின்னர் அமெரிக்கா சென்று, 1853ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் எழுந்த பளிங்கு மாளிகையின் வடிவமைப்பிற் பங்குகொண்டார். 1857ஆம் ஆண்டில், நாற்பத்து நான்காம் வயதில், அவர் மறைந்தார். அவர் ஊன்றிய பூங்காவோ நிலைத்தது.

திவோலி தோன்றிய அதே ஆண்டில் அங்கு வந்து உலாவியவர்களுள் ஒருவர் ஹான்ஸ் கிறிஸ்தியன் அண்டர்சன். சீன நாட்டுச் சாயலில் அமைந்த பூங்காவின் அலங்காரங்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. சீனப் பேரரசனையும் ஓர் இசைப் பறவையையும் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற கதை, 1843ஆம் ஆண்டு ஒக்டோபரில் அப்பூங்காவுக்குச் சென்று திரும்பியபின் தொடங்கப்பட்டதே. இவருக்கு அரச பூங்காவிற் சிலையெடுக்க முயன்றபோது, குழந்தைகள் அவரைச் சூழ்ந்து நெருங்கி நிற்பதாகச் சிற்பி ஒரு மாதிரி செய்தார். முதிய ஆசிரியர் அதனை மறுத்தார். தம் கதைகள் சிறுவர்க்கு மட்டும் உரியனவல்ல, பெரியோர்க்கும் உரியன என்பது அவர் கருத்து. 1880ஆம் ஆண்டிற் திறக்கப்பட்ட சிலையில் அவர் தனியே அமர்ந்து நூலொன்றைக் கையிற் கொண்டிருக்கின்றார். குழந்தைகளின் உலகத்தைப் பெரியோரின் உலகத்திலிருந்து வேலியிட்டுப் பிரிக்கலாகாது என்பதை அச்சிலை சொல்லாமற் சொல்லுகின்றது. திவோலியின் சிறப்பும் அதுவே. பெற்றோர் ஒருபுறம் காத்திருக்க, பிள்ளைகள் மறுபுறம் விளையாடும் இடமன்று அது. குடும்பம் முழுவதும் ஒன்றாய் மகிழும் இடம்.

எனினும் திவோலியால் நிறைவேற்ற முடியாத தேவையொன்று இருந்தது. அங்கே செல்ல நுழைவுச் சீட்டு வேண்டும். உடன்செல்லப் பெரியவர் வேண்டும். அங்குள்ள விந்தைகள் யாவும் பிறர் செய்து வைத்தவை. நாள்தோறும் பள்ளி விட்டு வரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு அது திருவிழாவேயன்றி அன்றாட உணவன்று. அரண்கள் தகர்ந்து நகரம் நாற்புறமும் பரந்தது. அடுக்கு வீடுகள் எழுந்தன. அவற்றின் இடையே புற்றரைகளும் அமைந்தன. ஆனால் அங்குள்ள ஊஞ்சலும் மணற்குழியும் வளர்ந்த சிறுவருக்கு விரைவில் அலுத்துப் போயின.

இதனைக் கூர்ந்து நோக்கியவர் கார்ல் தியோடோர் சோரென்சன் என்னும் நிலவமைப்புக் கலைஞர். அழகுற அமைத்த விளையாட்டிடங்களைக் காட்டிலும், கட்டட வேலை நடக்கும் இடங்களிற் கிடக்கும் பலகையும் மண்ணும் கல்லுமே சிறுவரை ஈர்க்கின்றன என்பதை அவர் கண்டார். நாட்டுப்புறத்துப் பிள்ளைக்குக் காடும் வயலும் தரும் பொருள்களை நகரத்துப் பிள்ளைக்குக் கழிவுப் பொருள்களால் ஈடுசெய்யலாம் என்பது அவர் துணிபு. 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் அத்தகைய திடலொன்றை அமைக்குமாறு அவர் எழுதினார். பன்னிரண்டு ஆண்டுகள் அக்கருத்து ஏட்டளவிலேயே கிடந்தது.

அது நிலத்தில் இறங்கிய காலம் எத்தகையது என்பதே வியப்புக்குரியது. 1940ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் ஜேர்மனியப் படைகள் டென்மார்க்கைக் கைப்பற்றின. 1943ஆம் ஆண்டு ஓகஸ்டில் வேலைநிறுத்தங்களும் நாசவேலைகளும் பெருகி, டேனிய அரசாங்கம் பதவி துறக்க, நாடு நெருக்கடிநிலைச் சட்டத்துக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டிலேயே, கொப்பன்ஹேகனின் புறப்பகுதியாகிய எம்ட்ரூப்பில், தொழிலாளர் குடியிருப்பொன்றை அடுத்து, உலகின் முதலாவது கழிபொருள் விளையாட்டுத் திடல் திறக்கப்பட்டது. திவோலிக்கு நூறாண்டு நிறைவுற்றதும் அதே 1943ஆம் ஆண்டிலேதான்.

திடலைச் சுற்றி உயர்ந்த மண்மேடு. உள்ளே பலகைகள், பெட்டிகள், செங்கற்கள், கம்பிகள், ஆணியும் சுத்தியலும் மண்வெட்டியும். வேறு அலங்காரம் எதுவும் இல்லை. சிறுவர் குகை தோண்டினர், குடிசை கட்டினர், கட்டியதை இடித்து மீண்டும் கட்டினர். முதற் பொறுப்பாளராக அமர்ந்த ஜோன் பெர்தெல்சன் முன்பு கடலோடியாயிருந்து, பின் குழந்தைக் கல்வியிற் பயிற்சி பெற்றவர். கருவிகளை எடுத்துக் கொடுப்பதும், கேட்டால் உதவுவதும், ஆபத்து நேராது கண்காணிப்பதுமே தம் பணி என அவர் கொண்டார். இன்னதைச் செய்க என ஏவுவதன்று. ஊரெங்கும் அழிவு நடந்த காலத்தில் ஆக்கும் தொழிலைச் சிறுவர் தம் கையாலே பயின்றனர். தாம் அமைத்தவற்றுள் அழகற்றது இத்திடலே என்றும், ஆயினும் தமக்கு மிக அழகியதும் இதுவே என்றும் சோரென்சன் பின்னாளிற் கூறினார்.

மறு ஆண்டு அழிவு திவோலியையும் தீண்டியது. டேனிய மக்களின் எதிர்ப்புக்குப் பழிவாங்குவதற்காக, ஜேர்மனியரைச் சார்ந்த டேனியக் குழுவினர் 1944ஆம் ஆண்டு ஜூனில் அப்பூங்காவிலே தீயும் வெடியும் வைத்தனர். இசைமண்டபம் அழிந்தது, வேறு பல கட்டடங்களும் சாம்பலாயின. மக்கள் ஒன்றுகூடிக் களிக்கும் இடத்தை அழித்தால் மக்களின் மனத்தையும் அழிக்கலாம் என்று கொளுத்தியோர் எண்ணினர் போலும். சில வாரங்களிலேயே பூங்கா மீண்டும் திறக்கப்பட்டது. புதிய இசைமண்டபம் 1956ஆம் ஆண்டில் எழுந்தது.

போர் ஓய்ந்தபின் எம்ட்ரூப்பின் செய்தி கடல் கடந்தது. 1946ஆம் ஆண்டில் அங்குச் சென்ற ஆங்கில நிலவமைப்புக் கலைஞர் மார்ஜரி அலன் சீமாட்டியார், குண்டுவீச்சினாற் பாழான இலண்டன் நிலங்களைக் கண்டு, அவற்றையும் ஏன் குழந்தைகளுக்கு அளிக்கலாகாது என்று தம் நாட்டு மக்களைக் கேட்டார். 1948ஆம் ஆண்டில் இலண்டன் கம்பர்வெல்லில் அவ்வகைத் திடல் ஒன்று திறக்கப்பட்டது. துணிவு விளையாட்டுத் திடல் என்னும் பொருள்படும் புதுப்பெயருடன் அக்கருத்து பிற நாடுகளுக்கும் பரவியது. திவோலியின் கருத்தும் பரவாமலில்லை. 1951ஆம் ஆண்டில் அதனைப் பார்வையிட்டோருள் வோல்ற் டிஸ்னியும் ஒருவர். நான்கு ஆண்டுகளின் பின் கலிபோர்னியாவில் அவர்தம் பூங்கா திறக்கப்பட்டது.

எனவே, பிள்ளைகளுடன் கொப்பன்ஹேகனுக்குச் செல்வோர் மூன்று வகை இடங்களை அங்குக் காணலாம். கோபுரத்திற் குழந்தை, பெரியோர் கட்டியதிலிருந்து தன் இன்பத்தைத் தானே கண்டெடுக்கின்றது. திவோலியில் விருந்தாளியாய் வரவேற்கப்படுகின்றது. எம்ட்ரூப்பின் வழிவந்த திடல்களிலோ தானே கொத்தனாகவும் தச்சனாகவும் மாறுகின்றது. மூன்றும் வேண்டற்பாலனவே. எனினும் இறுதியிற் கூறியது கைவரப் பெரும்பொருள் தேவைப்படவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரு துண்டு நிலம், சில பலகைகள், அருகே அன்புடன் நிற்கும் ஒருவர் என்னும் இவையே போதியனவாயின. அந்நியர் ஆட்சியின் கீழ் ஒடுங்கிக் கிடந்த நாளிலும் அவற்றைக் குழந்தைகளுக்கு மறுக்கவில்லை என்பதே அந்நகரத்தின் பெருமையாகும்.