நாய்க்கு நாய் தொற்றும் புற்று: கண்டறிதலும் சிகிச்சையும்

1. நோயின் இயல்பு

புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது என்று மனிதர்களுக்குச் சொல்லித் தேற்றுகிறோம். நாய்களிடம் அந்தப் பேச்சு செல்லாது. கால்நடை மருத்துவர்கள் 'டி.வி.டி.' என்று சுருக்கிச் சொல்லும் பால்வினைக் கட்டி, இணைசேரும்போது உயிருள்ள புற்றுச் செல்களாகவே அடுத்த நாய்க்குப் போகிறது. நடுவில் வைரஸ் கிடையாது, செல்தான் தொற்று. 1876இல் ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி, ஒரு நாயின் கட்டியை இன்னொரு நாயில் ஒட்டி வளர்த்துக் காட்டினார். பின்னாளில் மரபணுவும் அதையே சொன்னது. நாயின் செல்லில் 78 குரோமோசோம்கள். இந்தக் கட்டியின் செல்லில் ஏறத்தாழ 60தான். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஏதோ ஒரு நாயின் செல் இன்றும் நம் தெருக்களில் பெருகிக்கொண்டிருக்கிறது.

2. கண்டறிதல்

பெட்டை நாய்க்குச் சொட்டுச் சொட்டாக ரத்தம் கசியும். 'பருவத்துக்கு வந்திருக்கிறது' என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். பருவக் கசிவு இரண்டு மூன்று வாரத்தில் நின்றுவிடும், இது நிற்காது. ஆண் நாயின் குறியில் தோலைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தால்தான் காலிஃபிளவர் போன்ற சிவந்த சதை தெரியும். மோந்தும் நக்கியும் மூக்குக்குள் ஏறிய கட்டிதான் அதிகம் ஏமாற்றுவது. மூக்கில் ரத்தம் என்றதும் நம்மூரில் முதலில் நினைவுக்கு வருவது உண்ணிக் காய்ச்சல்.

சோதனை எளிது. கட்டியின்மேல் கண்ணாடி ஸ்லைடை ஒற்றி எடுத்து, உலர்த்தி, லீஷ்மன் அல்லது ஜீம்சா சாயம் ஏற்றினால் போதும். உருண்டைச் செல்கள், அவற்றின் ஓரத்தில் வரிசைகட்டிய வெற்றுக் குமிழ்கள்: பழகிய கண்ணுக்கு இதுவே அடையாளம். ஐயம் இருந்தால் மட்டும் சதைத்துண்டுச் சோதனை.

3. சிகிச்சை

கத்தியால் மட்டும் வெட்டினால் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். கைகொடுப்பது வின்கிரிஸ்டின் ஊசி. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கும் மருந்து. தென்மாவட்டக் கரிசல் காட்டில் மானாவாரியாக விளைவிக்கும் அதே செடி. கிலோவுக்கு 0.025 மில்லிகிராம், வாரம் ஒரு முறை, ரத்தக்குழாய் வழியே. பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சுற்றுச்சதை வெந்து அழுகும் என்பதால் ஊசி போடுகிறவரின் கை நிதானமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் வெள்ளணு எண்ணிக்கை பார்ப்பது கட்டாயம். குறைந்திருந்தால் அந்த வார ஊசியைத் தள்ளிப்போடுவார்கள். இதற்கு மசியாத கட்டிகளுக்கு டாக்ஸோரூபிசின் அல்லது கதிர்வீச்சு. மற்ற பல புற்றுகளில் மருத்துவர் நாள்களை நீட்டித்துத் தருகிறார். இதில் பெரும்பாலான நாய்களைக் குணமாக்கியே அனுப்புகிறார்.

4. முறியும் இடம்

பிறகு ஏன் தெருவில் இத்தனை கட்டிகள்? இரண்டாவது ஊசியிலேயே ரத்தம் நின்று கட்டி சுருங்கும். அத்தோடு வளர்ப்பவர் வருவதை நிறுத்திவிடுகிறார். எஞ்சிய செல்கள் மறுபடி வளர்கின்றன. தெருநாய்க்கு அந்த ஆளும் இல்லை. ஒருமுறை வலையில் சிக்கிய நாய், அடுத்த வாரம் வண்டியைக் கண்டாலே ஓட்டமெடுக்கும். கருத்தடைக்குப் பிடித்துவரும்போது மேசையில் கட்டி தெரியவந்தால், ஊசி முறை முடியும்வரை அந்த நாயைக் கருத்தடை மையத்திலேயே வைத்திருப்பதுதான் சரி என்பது என் துணிபு. கூண்டு போதாது என்பார்கள். அப்படியானால் தினமும் அதற்குச் சோறு வைக்கும் தெருக்காரரை அழைத்துப் பேச வேண்டும். வாரந்தோறும் அவர் கையால் மட்டுமே அது பிடிபடும்.