குருதி சொன்ன சாட்சி

புகைத்தலின் கேடுகளை ஆராய்ந்தோர் நெடுங்காலம் மனிதரின் வாய்மொழியையே நம்பியிருந்தனர். 1950 செப்டெம்பரில் ரிச்சர்ட் டோல், பிராட்போர்ட் ஹில் ஆகிய இருவரும் சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் தொடர்புபடுத்தி வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, லண்டன் வைத்தியசாலை நோயாளரிடம் கேட்டறிந்த பதில்களின் மீதே எழுந்தது. சிகரெட் கம்பனிகளுக்கு அது வாய்ப்பாயிற்று. 1954 ஜனவரியில் 400இற்கும் மேற்பட்ட அமெரிக்கப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு, புற்றுநோய்க்கான காரணம் குறித்து நிபுணரிடையே கருத்தொற்றுமை இல்லை என்று அவை வாதிட்டன. அந்த விளம்பரப் பணத்தை வாங்கிய தொழிலில்தான் நானும் வாழ்நாளைக் கழித்தேன்.

1981இல் ஜப்பானிய அறிஞர் தாக்கேஷி ஹிராயமா, புகைக்காத 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் அவதானித்த முடிவுகளை வெளியிட்டார். கணவன் கூடுதலாகப் புகைத்தால், புகைக்காத மனைவிக்கும் நுரையீரல் புற்றுநோய் அபாயம் கூடியது. மீண்டும் முழுப்பக்க விளம்பரங்கள் வந்தன. அப்பெண்களிற் சிலர் இரகசியமாகப் புகைத்திருக்கலாம் என்ற வாதமும் பின்னர் கிளம்பியது. கணவனின் புகையைச் சுவாசித்து மாண்டவளையே பொய்யுரைத்தவளாக்கும் வாதம் அது.

வாய்மொழியை எதனோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது? குருதியிலுள்ள காபனோரொட்சைட்டு வாகனப் புகையாலும் சேரும். நிக்கொட்டினோ இரண்டு மணி நேரமளவில் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் ஈரல் அந்த நிக்கொட்டினைக் கொட்டினின் எனும் பொருளாக மாற்றுகிறது. அது பாதியாகக் குறையச் சராசரியாகப் பதினாறு மணி நேரமளவில் செல்லும். ஆங்கிலத்தில் நிக்கொட்டின் என்ற சொல்லின் எழுத்துகளை இடம்மாற்றி அடுக்கினால் கொட்டினின் வரும். பெயரிட்டவர் குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும்!

1988 முதல் 1991 வரை அமெரிக்க அரசு நடத்திய சுகாதார ஆய்வில் ஆயிரக்கணக்கானோரின் குருதியில் இப்பொருள் அளக்கப்பட்டது. புகையிலை பாவிக்காத வயது வந்தோரில் 37 வீதத்தினரே வீட்டில் புகைப்பவருடன் வாழ்வதாகவோ வேலைத்தலத்திற் புகை படுவதாகவோ கூறினர். ஆனால் நான்கு வயதுக் குழந்தை முதல் முதியோர் வரை, புகையிலை பாவிக்காதோரில் ஏறத்தாழ 88 வீதத்தினரின் குருதியிற் கொட்டினின் இருந்தது. 1996இல் இவ்விவரம் வெளியானபோது என் நினைவுக்கு வந்தவை நள்ளிரவுவரை புகை மண்டிக்கிடந்த எங்கள் செய்தி அறைகள். என் விரல்கள் சிகரெட்டைத் தொட்டதில்லை. என் குருதியை எவரேனும் சோதித்திருந்தால் வேறு கதை சொல்லியிருக்கும். இலங்கையில் மூடிய பொது இடங்களிற் புகைத்தலைத் தடைசெய்த சட்டம் 2006இல்தான் வந்தது.

கொட்டினின் சில நாட்களின் கதையைத்தான் சொல்லும். டி.என்.ஏ.யில் ஒட்டும் மெதைல் அடையாளங்கள் பல்லாண்டுக் கதையைச் சொல்கின்றன. 2016இல் வெளியான பெரும் ஆய்வொன்று ஏறத்தாழ 16,000 பேரின் குருதியை ஒப்பிட்டது. புகைத்தலைக் கைவிட்டவரிடம் இம்மாற்றங்களிற் பெரும்பாலானவை ஐந்தாண்டுகளுக்குள் மறைந்திருந்தன. சில முப்பது ஆண்டுகளின் பின்னரும் எஞ்சியிருந்தன.

இவற்றுள் என்னை அதிகம் கலக்கியது 2012இல் வெளியான நோர்வே ஆய்வு. கர்ப்பிணித் தாய்மாரின் குருதியிற் கொட்டினினை அளந்து, பின் அவர்களின் குழந்தைகளது தொப்புள்கொடிக் குருதியை ஆராய்ந்தனர். புகைத்த தாய்மாரின் சிசுக்களில், புகையின் நஞ்சைக் கையாளும் மரபணுக்களிலேயே அந்த மெதைல் மாற்றங்கள் பதிந்திருந்தன. அச்சிசுக்கள் அப்போதுதான் பிறந்திருந்தன.