தமிழ்க் கிறித்தவப் போதனை மரபில் கிறிஸ்துவின் இடம்

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தை ஆராய்ந்தோர் அச்சு, அகராதி, உரைநடை ஆகிய துறைகளில் அது ஆற்றிய பணியையே பெரிதும் முதன்மைப்படுத்தியுள்ளனர். அவ்வுரைநடை போதித்தலின்பொருட்டுப் பிறந்தது என்பதும், போதனையின் நடுவில் நிற்பது எது என்பதற்கேற்பவே அதன் வடிவம் அமைந்தது என்பதும் போதிய கவனம் பெறவில்லை. 16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை அப்போதனையில் கிறிஸ்து பெற்ற இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

தத்துவ வழி

1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ செபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் கட்டளைகளையும் கற்பிக்கும் சிறுநூல். முன்னரே திருமுழுக்குப் பெற்ற முத்துக்குளித்துறை மக்களுக்கு அது போதுமானதாக இருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகர் எதிர்கொண்டோரோ வாதத்தில் தேர்ந்தவர்கள். எனவே முதற்காரணமாகிய கடவுள் ஒருவர் உண்டு என்பதை அறிவால் நிறுவி, அதன் பின்னரே மறைபொருள்களை உணர்த்தும் முறையை அவர் கைக்கொண்டார். கிறிஸ்துவைச் ‘சற்குரு’ எனச் சுட்டியமை அவர்தம் மொழித்திறனுக்குச் சான்றாகும். எனினும் இம்முறையில் கிறிஸ்து வாதத்தின் தொடக்கமாகாமல் அதன் முடிவாகவே வருகிறார். இடையில் நின்றுவிட்ட கேட்போர்க்கு எஞ்சுவது தத்துவம் மட்டுமே.

திருமறை வழி

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு லூத்தரன் பக்தி இயக்கத்தைச் சார்ந்தவர். கிறிஸ்துவின் வரலாற்றை மக்கள் தம் மொழியிலேயே படித்தறிய வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் அடிப்படை. அதனால் புதிய ஏற்பாடு 1715க்குள் தமிழில் அச்சேறியது. இதன்வழிப் போதனையின் தொடக்கம் வாதத்திலிருந்து வரலாற்றுக்கு மாறியது. கடவுளைக் குறிக்கும் சொல் சீகன்பால்கிடம் ‘சருவேசுரன்’ எனவும், பப்ரிசியசிடம் ‘பராபரன்’ எனவும், 1871ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ‘தேவன்’ எனவும் மாறிற்று. கிறிஸ்துவின் பெயரோ எழுத்து வடிவில் வேறுபட்டதேயன்றி வேறொரு சொல்லுக்கு இடந்தரவில்லை. அப்பெயர் ஒரு கருத்தைச் சுட்டாது ஓர் ஆளைச் சுட்டுவதே இதற்குக் காரணம் எனலாம்.

பாட்டுவழி

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) ‘பெத்லகேம் குறவஞ்சி’ இம்மையத்தைச் சிற்றிலக்கிய மரபுக்குள் நிறுத்தியது. அதன் பாட்டுடைத் தலைவர் கிறிஸ்து. தலைவி தேவமோகினி திருச்சபையாவாள். பறவை பிடிக்கும் சிங்கன் மக்களைச் சேர்க்கும் ஊழியரைக் குறிக்கிறான். போதகர் தலைவர் அல்லர், தலைவரின் பணியாளரே என்னும் கொள்கை இங்கு இலக்கிய அமைப்பாகவே வெளிப்பட்டுள்ளமை கருதத்தக்கது.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) மற்றொரு சான்று. பனியனின் மூலநூலில் சிலுவையைக் காணும் பகுதி மிகச் சுருக்கமானது. கிருஷ்ணபிள்ளையோ மூலத்தில் இல்லாத ‘இரட்சணிய சரித படலத்தை’ அமைத்துக் கிறிஸ்துவின் பாடுகளை விரித்துரைத்தார். பயணியின் கதைக்கு நடுவே மீட்பரின் கதையை வைத்ததன்வழி, பயணியின் முயற்சியன்று, மீட்பரின் துன்பமே விடுதலைக்கு ஏது என்பதை அவர் நிலைநாட்டினார்.

சொல்லும் இருக்கையும்

ஆயின் பாட்டின் மையம் வாழ்வின் மையமாகிவிடவில்லை. 1820களில் தஞ்சைத் திருச்சபையில் இருக்கை, நற்கருணை ஆகியவை குறித்துச் சாதிப் பூசல் எழுந்தபோது, வேளாளர் தரப்பில் நின்று சாதி வழக்கங்களைக் காத்து எழுதியவரும் சாஸ்திரியாரே. கிறிஸ்துவைத் தலைவராகப் பாடியவரே அவருடைய பந்தியில் வேற்றுமையை ஏற்றுக்கொண்டார் என்னும் இம்முரண் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நொபிலியின் வழியும் சாதிக்கேற்பத் துறவியரைப் பிரித்தே இயங்கியது. போதனையில் கிறிஸ்துவின் பெயர் எத்தனை முறை ஒலிக்கிறது என்பது அவர் மையமாக இருப்பதற்குரிய அளவுகோல் ஆகாது. அப்பெயர் கேட்போரின் வரிசையை மாற்றியதா என்பதே உரிய வினா.

முடிவுரை

வாதம், வரலாறு, பாட்டு என்னும் மூன்று வழிகளிலும் தமிழ்ப் போதனை கிறிஸ்துவை நாடியுள்ளது. மொழிநிலையில் அம்முயற்சி பெருவெற்றி கண்டது. பந்தியில் அது முற்றுப்பெறவில்லை. கிறித்தவத் தமிழின் வரலாற்றை எழுதுவோர் நூல்களோடு அவை படிக்கப்பட்ட ஆலயத்தின் இருக்கை வரிசையையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.