லிபோசோம் ஆம்போடெரிசின் பி

லிபோசோம் எனப்படும் நுண்ணிய கொழுப்புக் குமிழ்களில் ஏற்றி ரத்தக்குழாய் வழியே செலுத்தப்படும் பூஞ்சைக்கொல்லி மருந்து. குமிழ் ஒன்றின் விட்டம் 100 நானோமீட்டருக்கும் குறைவு. நானோ மருந்துகளில் இந்திய ஏழை நோயாளிகளுக்கு மிகுதியாகப் பயன்பட்டது இதுவே எனலாம்.

ஆம்போடெரிசின் பி 1950களிலிருந்தே அறியப்பட்ட மருந்து. பூஞ்சையின் செல்சவ்விலுள்ள எர்கோஸ்டிரால் என்னும் கொழுப்புடன் பிணைந்து சவ்வைத் துளைத்துவிடும். ஆனால் சிறுநீரகத்தையும் கெடுக்கும், குளிர்க்காய்ச்சலையும் வரவழைக்கும். குமிழில் ஏற்றிக் கொடுத்தால் அதே மருந்து சிறுநீரகத்தை அவ்வளவாகத் தாக்குவதில்லை. அதனால் அளவைப் பல மடங்கு கூட்ட முடிகிறது.

இந்தியாவில் லிபோசோம் துறைக்கு வழி திறந்தவர்களில் முதன்மையானவர் உயிர்வேதியியலாளர் பிமல் குமார் பச்சாவத். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு வேதியியல் ஆய்வகத்தை உருவாக்கியவர். பின்னாளில் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் லிபோசோம் ஆய்வை வளர்த்தார். அங்கே தொடங்கிய வேலையே பின்பு 'ஃபங்கிசோம்' என்ற உள்நாட்டு மருந்தாக வெளிவந்தது.

லிபோசோம் ஆம்போடெரிசின் பி-யின் உண்மையான பெருமை காலா அசார் சிகிச்சையில் விளங்கியது. மணல் ஈ பரப்பும் இந்நோயின் கிருமி மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றிலுள்ள விழுங்கு செல்களுக்குள் ஒளிந்து வாழ்கிறது. ரத்தத்தில் மிதந்துவரும் கொழுப்புக் குமிழ்களை விழுங்குபவையும் அதே செல்கள்தாம். ஆகவே மருந்து கிருமியின் இருப்பிடத்துக்கே போய்ச் சேருகிறது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் ஷியாம் சுந்தர் குழுவினர் பீகாரின் முசாபர்பூரில் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே ஒருமுறை ஏற்றியதில் 95.7 விழுக்காட்டினர் ஆறு மாதத்துக்குப் பின்னும் குணமாகியே இருந்தனர். பழைய முறையில் ஒன்றுவிட்டு ஒருநாளாக 15 முறை ஏற்ற வேண்டும், 96.3 விழுக்காட்டினர் குணமாயினர். பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால், அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பம் ஒரு மாத மருத்துவமனை வாசத்திலிருந்து தப்பித்தது. இது சிறிய விஷயமல்ல. 2014இல் காலா அசார் ஒழிப்புக்கான தேசியத் திட்டம் ஒற்றைத் தவணை முறைக்கு முதலிடம் தந்தது. உலக சுகாதார நிறுவனம் வழியாக கிலியட் மருந்து நிறுவனம் மருந்தை நன்கொடையாக வழங்கிவந்தது.

2021 மே மாதம் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது தமிழ்நாடு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் சேர்த்தது. அந்நோய்க்கும் இம்மருந்தே தேவைப்பட்டது. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் குப்பிகள் ஆறு, அதுவும் வாரக்கணக்கில். நாடெங்கும் தட்டுப்பாடு வந்தது. கிடைக்காத இடங்களில் மருத்துவர்கள், சிறுநீரகத்தைக் கண்காணித்தபடியே, குமிழில்லாத பழைய மருந்தை ஏற்றினார்கள்.