சேற்றிலிருந்து மூளை வரை

காற்று மாசின் வரலாறு என்றாலே 1952-இன் லண்டன் புகைமூட்டத்திலிருந்து தொடங்குவது வழக்கம். நான் ஓர் ஏரியின் அடியிலிருந்து தொடங்குகிறேன்.

1970களில் ராய் தாம்சன், ஃபிராங்க் ஓல்ட்ஃபீல்ட் முதலானோர் வட அயர்லாந்தின் லாக் நே ஏரிச் சேற்றைக் குழாயில் எடுத்து, அடுக்கடுக்காகக் காந்தத்தன்மையை அளந்தார்கள். கரையிலிருந்து எந்தக் காலத்தில் எவ்வளவு மண் அரித்து வந்தது என்பதே கேள்வி. காற்று அந்தக் கணக்கிலேயே இல்லை.

அடுத்து சதுப்புக்குப் போனார்கள். மழையை மட்டுமே நம்பிய சதுப்பு; ஆறும் வராது, ஓடையும் வராது. அப்போ அதிலுள்ள காந்தத் துகள் வானத்திலிருந்துதானே விழுந்திருக்கணும்? தொழிற்புரட்சிக்குப் பிந்தைய அடுக்குகளில் அந்தத் துகள் கூடியிருப்பதை 1978-இல் எழுதினார்கள்.

காரணம், நிலக்கரியில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருக்கிறது. உலைச் சூட்டில் அது உருகி, மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடின் குட்டி உருண்டைகளாகிப் புகைபோக்கி வழியே வெளியேறும். அளப்பதும் எளிது. மாதிரியை வலுவான காந்தப்புலத்தில் வைத்து எடுத்த பிறகு அதில் எவ்வளவு காந்தம் தங்கியிருக்கு என்று பார்க்கணும், அவ்வளவுதான்.

வண்டிகளின் எஞ்சினும் பிரேக்கும்கூட இந்தத் துகளைக் கக்குகின்றன. 1999-இல் யூர்கன் மட்ஸ்காவும் பார்பரா மேஹரும் இங்கிலாந்தின் நாரிச் நகரில் சாலையோர பிர்ச் இலைகளை அளந்தார்கள். வண்டி மேடேறும் பக்கத்து இலைகளில் காந்தம் அதிகம். மூச்சுவாங்கும் எஞ்சின் இலையில் எழுதிவைத்த கணக்கு அது. பிறகு மேஹரின் குழு லங்காஸ்டரில் சில வீடுகளின் முன் பிர்ச் கன்றுகளை வரிசையாக நிறுத்தியது. உள்ளே டிவி திரையில் படிந்த தூசியைத் துடைத்தெடுத்து அளந்தது. கன்றுகள் நின்ற வீடுகளில் காந்தத் தூசி பாதிக்கும் கீழே போயிருந்தது. 2013-இல் வந்த முடிவு இது.

மூளைக்கு வருவோம். 1992-இல் ஜோசப் கிர்ஷ்விங்க் குழு மனித மூளையில் மேக்னடைட்டைக் கண்டபோது, அதை உடலே உருவாக்கியது என்று கருதினார்கள். 2016-இல் மேஹரின் குழு மெக்சிகோ நகரிலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்த 37 பேரின் மூளைத் திசுவை ஆராய்ந்தது. கூர்விளிம்புப் படிகங்களோடு உருண்டைகளும் ஏராளம். கடும் சூட்டில் உருகிக் குளிர்ந்தால்தான் அப்படி உருளும். நம்ம உடம்புக்குள்ள அந்தச் சூடு ஏது? அல்சைமருக்கு இது காரணமா என்பது நிரூபணமாகவில்லை. வெளியே எரிந்தது உள்ளே வந்திருக்கிறது என்பதே எனக்குப் போதுமான செய்தி.

மாசு அளக்கும் நிலையம் ஊரில் எங்கோ ஒரு முனையில் நின்று சராசரியைச் சொல்லும். ஆனா யாரும் சராசரியைச் சுவாசிக்கிறதில்லையே. ஒரே சாலையில் மேடேறும் பக்கத்து வீட்டுக்காரர் எதிர்ச்சாரிக்காரரைவிடக் கூடுதலாக உள்ளிழுத்திருக்கலாம். அந்த வித்தியாசத்தைக் கேட்க ஆளில்லாத தெருவிலும் ஒரு மரம் இருந்தால், அளந்து பார்க்க இலை இருக்கிறது.