தோளில் குஞ்சம் வைத்த கோட்டு

ஜோலார்பேட்டையில் எனக்குத் தெரிந்த பேண்டு செட் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் வாத்தியங்களுக்கு ஒரு மூலை, கோட்டுகளுக்கு ஒரு தனி அறை. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பெட்டிக்குள் கிடக்கும். கோட்டுகள் மட்டும் சுவரோரக் கயிற்றில் வரிசையாகத் தொங்கும்: 14 சிவப்பு, 14 நீலம். கல்யாணம் பேச வருகிறவர்கள் நேராக அந்த அறைக்குத்தான் போவார்கள். என்ன பாட்டு வாசிப்பீர்கள் என்று கேட்கிறவர்கள் குறைவு. "இன்னா கலர் போட்டுனு வருவீங்க?" என்பதே முதல் கேள்வி. அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் அட்வான்ஸ் கைமாறும்.

ஒரு சிவப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். பாலியஸ்டர் துணி. கழுத்துப் பட்டையின் உள்பக்கம் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடாக உப்புப் படிந்திருந்தது. மார்பின் குறுக்கே ஆறு வரிசை ஜரிகை நாடா, ஒவ்வொரு நாடாவின் முனையிலும் ஒரு தங்க நிறப் பொத்தான். அந்தப் பொத்தான்கள் எதையும் பூட்டுவதில்லை. கோட்டை மூடுவது உள்ளே இருக்கும் நாலு கொக்கிகள். இரண்டு தோளிலும் குஞ்சம் வைத்த தட்டை. இடது தோளில் மட்டும் குஞ்சம் பாதி உதிர்ந்து கிடந்தது.

"அது பெரிய டிரம் அடிக்கிறவன் கோட்டு தம்பி. வாரு அந்தத் தோள்லதான் ஏறும். எத்தினி வாட்டி தச்சாலும் நிக்காது" என்றார் மாஸ்டர்.

சித்திரை வெயிலில் மாப்பிள்ளை அழைப்புக்கு நடக்கிற மனிதருக்கு இப்படியொரு உடுப்பை யார் கொடுத்தார்கள்? அதைத் தேடிக்கொண்டு நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஜோலார்பேட்டையில் சென்னை வண்டி ஏறி, காட்பாடியில் இறங்கி, வேலூர்க் கோட்டை வரை போனால் போதும்.

பூட்டாத பொத்தானும் தோள் குஞ்சமும் பட்டாளத்துச் சொத்து. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படை சிவப்புக் கோட்டுப் படை. அதில் வாத்தியக்காரனின் கோட்டுக்கு மட்டும் தனி விதி இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகள் பலவற்றில் டிரம் அடிப்பவர்கள் நிறத்தை மாற்றிப் போட்டார்கள். சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டும் மஞ்சள் கைப்பட்டையும் என்றால், டிரம்காரனுக்கு மஞ்சள் கோட்டும் சிவப்புக் கைப்பட்டையும். அதன் மேல் நாடா, தோளில் இறக்கை போல ஒரு பட்டை. இது வெறும் அழகுக்காக வந்ததல்ல. போர்க்களத்தில் அதிகாரியின் கட்டளை டிரம் ஓசையாகத்தான் படைக்குப் போய்ச் சேரும். துப்பாக்கிப் புகைக்குள் டிரம்காரன் எங்கே நிற்கிறான் என்று சட்டென்று கண்ணில் பட வேண்டும். கூட்டத்தில் தனித்துத் தெரியவே பிறந்த உடுப்பு அது. நம் மேடை உடுப்புகள் எல்லாவற்றுக்கும் இந்த வேலை இன்னும் இருக்கிறது.

கம்பெனியின் பேண்டு வாத்தியம் தமிழ்நாட்டின் காதில் சீக்கிரமே விழுந்துவிட்டது. சென்னைக் கோட்டையில் கேட்ட மேற்கத்திய மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதர் சாகித்தியம் எழுதினார். அவற்றை இன்றும் நோட்டுஸ்வரம் என்று பாடுகிறோம். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி தன் அரண்மனைக்கென்றே மேற்கத்திய பாணியில் ஒரு பேண்டு வைத்துக்கொண்டார். மெட்டும் வாத்தியமும் இப்படிச் சண்டை சச்சரவில்லாமல் வந்து சேர்ந்தன. உடுப்பு அப்படி வரவில்லை.

1805 நவம்பரில் சென்னைப் படைக்குப் புது உடுப்பு விதி வந்தது. அணிவகுப்பில் நெற்றியில் சமயக் குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும், மீசையை அளவாக வெட்ட வேண்டும். தலைப்பாகையும் மாறியது. தொப்பி போன்ற ஒரு வடிவம், அதில் தோலால் செய்த ஒரு குச்சு. அது பசுத் தோலா பன்றித் தோலா என்ற பேச்சு பாசறை முழுக்கப் பரவியது. தோல் என்றால் என்ன, எந்தத் தோல் எங்கே படலாம், யார் அதைத் தொடுகிறவர் என்று இந்தப் பாலாற்றங்கரை மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1806 மே மாதம் வேலூரில் சிப்பாய்கள் அந்தத் தலைப்பாகையைப் போட மறுத்தார்கள். ஒரு இந்து, ஒரு முஸ்லிம், இருவருக்கும் ஆளுக்கு 900 கசையடி.

ஜூலை 10 விடியும் முன்பே கோட்டையில் கலகம் வெடித்தது. திப்பு சுல்தானின் பிள்ளைகள் உள்ளே சிறையிருந்தார்கள். கோட்டைக்குப் பொறுப்பான கர்னல் ஃபேன்கோர்ட் சுடப்பட்டு இறந்தார். செய்தி ஆற்காட்டுக்குப் போய், அங்கிருந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி தன் குதிரைப் படையோடு அன்று காலையே வந்து கோட்டையை மீட்டார். பிடிபட்டவர்கள் சுவர் ஓரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். அதற்குப் பிறகு அந்த உடுப்பு விதியை அரசு திரும்பப் பெற்றது. சென்னைப் படைத் தளபதி கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். கலகத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள், அது சரிதான். ஆனால் முதல் தீப்பொறி ஒரு தலைப்பாகை. என் உடம்பில் எது ஏற வேண்டும் என்பதை நீ முடிவு செய்யாதே என்று மனிதர்கள் உயிரைக் கொடுத்துச் சொன்ன ஊர் வேலூர். பேண்டு கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

பட்டாளத்தில் உடுப்பைத் திணித்தார்கள். ஊருக்குள் நடந்தது அதற்கு நேர்மாறு. அங்கே வாசிப்பவனிடமிருந்து உடுப்பைப் பறித்தார்கள். நாயனக்காரர் வெற்று மார்போடு, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றும் நடந்தும் வாசித்த காலம் அது. துண்டு தோளில் ஏறினால் குற்றம். செட்டிநாட்டில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டோடு வாசித்தார். துண்டை எடுக்கச் சொல்லிச் சிலர் தகராறு செய்தார்கள். எடுக்காமல் வாசிக்கச் சொல்லிக் கூடவே நின்றார் சுயமரியாதை இயக்கத்தின் பட்டுக்கோட்டை அழகிரி. ஒரு முழத் துண்டுக்கு அவ்வளவு பெரிய போராட்டம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை குடுமியை எடுத்து கிராப்பு வைத்துக்கொண்டதையும், ஷெர்வானி போட்டு மேடையில் உட்கார்ந்து வாசித்ததையும் இன்றைக்குச் சிலர் அவருடைய சொந்தப் பகட்டாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெற்று மார்போடு நில் என்று சொன்ன ஊருக்கு அவர் கழுத்து வரை பொத்தான் போட்டுப் பதில் சொன்னார்.

நாயனக்காரருக்கே இந்தக் கதி என்றால், பறை அடித்தவருக்கு என்ன நடந்திருக்கும் என்று விரித்துச் சொல்ல வேண்டாம். எங்கள் பக்கத்துப் பேண்டு செட்டுகள் பலவற்றில் இன்று டிரம் அடிப்பவர்கள் பறையடித்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். மாஸ்டரின் தாத்தாவும் அவர்களில் ஒருவர். சாவு வீட்டுக்கு அடித்துவிட்டு, கூலிக்கு வாசலில் நிற்பார். வீட்டுக்காரர் காசைத் தூக்கிப் போட, இவர் துண்டை விரித்துப் பிடிக்க வேண்டும். இனிப் பறை அடிக்க மாட்டோம் என்று வடாற்காட்டுச் சேரிகள் பலவற்றில் முடிவெடுத்த காலம் ஒன்று வந்தது. மாஸ்டரின் அப்பா கையிலிருந்த பறையை வைத்துவிட்டு சைடு டிரம்மை எடுத்தார்.

"வாத்தியத்த வாங்க கடன் வாங்கலபா. கோட்டு தைக்கத்தான் கடன் வாங்குனாரு" என்றார் மாஸ்டர். "டிரம்ம வாடகைக்கு எடுத்தாரு. கோட்டு சொந்தமா இருக்கணும்னு நின்னாரு."

இந்த இரண்டு வாக்கியங்களில் தமிழ்நாட்டுப் பேண்டு கோட்டு பிறந்த கதை முழுக்க இருக்கிறது என்று நினைக்கிறேன். வெள்ளைக்காரன் தன் வேலையாள் கண்ணில் படுவதற்காகக் கொடுத்த உடுப்பு அது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டவர், மேலே துணி போடாதே என்று சொல்லப்பட்டவரின் மகன். கோட்டு, தொப்பி, கையுறை, பெல்ட்டு என்று உடம்பில் ஓர் இடம் விடாமல் மூடிக்கொண்டு அவர் தெருவில் வந்தபோது, துண்டை விரித்துக் காசு வாங்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. தோளில் குஞ்சம் இருக்கிற ஆளிடம் பணத்தைக் கையில்தான் கொடுக்க வேண்டும்.

1960களின் லண்டனில் இதே கோட்டு வேறு வழியில் மேடை ஏறியது. ஹாம்பர்க் நாட்களில் பீட்டில்ஸ் போட்டது தோல் ஜாக்கெட்டு. 1962இல் அவர்களின் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் அதைக் கழற்றச் சொல்லி ஒரே மாதிரி சூட்டுக்கு மாற்றினார். பெரிய அரங்குகளில் இடம் கிடைக்க வேண்டும் என்றால் தோல் உதவாது என்பது அவர் கணக்கு. ஐந்து வருடம் கழித்து, 1967இல், 'சார்ஜெண்ட் பெப்பர்' ஆல்பத்தின் அட்டையில் நால்வரும் பளபளக்கும் சாட்டின் துணியில் பழைய பட்டாளத்து பேண்டு கோட்டைப் போட்டு நின்றார்கள். நாடா, குஞ்சம், பொத்தான் எல்லாம் உண்டு. அந்தப் படத்தை மாஸ்டரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "துணி நம்ம துணிதான்" என்றார்.

எங்கள் தடத்துக்குத் திரும்புகிறேன். ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு பாதை பங்காருப்பேட்டை வழியாகக் கோலார் தங்கவயல் பக்கம் போகிறது, இன்னொன்று திருப்பத்தூர் வழியாகச் சேலத்துக்கு. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் கிளை இருந்தது, திருப்பத்தூரிலும் இருந்தது. தம் மக்களைச் சாதியற்ற தமிழர் என்று பதிவு செய்யச் சொன்னவர் அவர். அந்தச் சொல்லை எடுத்துத்தான் 2017இல் ஓர் இசைக்குழு உருவானது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து தொடங்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. 19 பேர். கானா, ராப், ராக். பறையும் சட்டியும் கட்டமோளமும் கிட்டாரும் ஒரே வரிசையில். பாடியவர்களில் ஒருவர் எங்கள் தடத்து அரக்கோணத்துப் பையன் அறிவு. குழுவின் ஒரே பெண் இசைவாணி. 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

அன்று அந்த மேடையில் எல்லோரும் போட்டிருந்தது சாம்பல் நிறக் கோட்டு சூட்டு. ஜரிகை இல்லை, குஞ்சம் இல்லை. கானா சாவு வீட்டில் வளர்ந்த பாட்டு. அதைக் கைலியும் கழுத்துக் கர்ச்சீப்புமாகப் பாடுகிறவனாகவே சினிமா நமக்குக் காட்டிப் பழக்கியிருந்தது. அந்தப் பாட்டுக்காரர்கள் கழுத்துப் பட்டை மடியாமல் நின்று பாடினார்கள். அந்தக் கோட்டு எங்கிருந்து வந்தது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். ஜோலார்பேட்டையைச் சுற்றி எந்தக் காலனி முனைக்குப் போனாலும் அம்பேத்கர் கோட்டோடும் கையில் புத்தகத்தோடும் நிற்கிறார். 2016இல் வந்த 'கபாலி'யில் காந்தி சட்டையைக் கழற்றியதையும் அம்பேத்கர் கோட்டுப் போட்டதையும் ரஞ்சித் வசனமாகவே வைத்தார். இரண்டு வருடத்தில் அந்த வசனத்துக்குத் துணி எடுத்துத் தைத்துவிட்டார்கள்.

அந்த மேடையைச் செல்போனில் பார்த்த மாஸ்டரின் செட்டுப் பையன்கள் போன வருடம் ஒரு கோரிக்கை வைத்தார்கள். சிவப்பும் நீலமும் இருக்கட்டும், கோயில் கச்சேரிக்கும் ஆண்டு விழா மேடைக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு செட்டு தைக்க வேண்டும். மாஸ்டருக்கு முதலில் மனசு வரவில்லை. குஞ்சம் இல்லாத கோட்டைப் பேண்டு கோட்டு என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கவலை. அப்பா கடன் வாங்கித் தைத்த முதல் கோட்டிலேயே குஞ்சம் உண்டு. நான்கு நாள் பேசி, கடைசியில் சம்மதித்தார்.

டெய்லர் வந்த அன்று நானும் போயிருந்தேன். சிவப்புக் கோட்டுகள் மூன்றே அளவில் தைத்தவை; பெரியவனுக்குக் கை ஏறும், சின்னவனுக்கு விரலை மூடும், ஊக்குக் குத்திச் சமாளிப்பார்கள். இந்தத் தடவை ஒவ்வொருவரையும் தனியாக நிறுத்தி டேப் பிடித்தார்கள். கழுத்து, தோள், மார்பு, கை என்று டெய்லர் சொல்லச் சொல்ல மாஸ்டர் நோட்டில் எழுதினார். பெரிய டிரம் அடிக்கிற பையன் முறை வந்தபோது அவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, அடிக்கிற மாதிரி இறக்கிக் காட்டினான்.

"அக்குள்ல கொஞ்சம் லூசா வைங்கணா. இடது தோள்ல உள்ளுக்குள்ள இன்னொரு துணி குடுத்துத் தையுங்க."

மாஸ்டர் அதையும் எழுதிக்கொண்டார்.